இறுக்கினாலும் இறுகாத சுக்கான்

பொதுத் தேர்வு மேற்பார்வைக்குப் போகிற ஆசிரியர்கள் கைப்பேசியைத் தலைமை ஆசிரியர் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று காலை நானும் ஒப்படைத்தேன். மதியம் திரும்ப வாங்கிப் பார்த்தபோது நஸீமாவிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. கோரிப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஜப்பார் பாயின் ஒரே மகள் அவள். திருப்பி அழைத்தேன். "அத்தா மவுத்தாயிட்டாங்க டீச்சர். காலையில பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறாங்க. வந்துருங்க" என்றாள். ஜப்பார் பாய் இல்லாமல் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அது தெரியாமல் நான் பிள்ளைகளின் விடைத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டும், திரும்பிப் பார்த்தவனை அதட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

பட்டறைக்கு வந்து போனவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மெலிந்த உடம்பு, எண்ணெய்க் கறை படிந்த வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். ஆட்டோவின் அச்சு முதல் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை எது வந்தாலும் முதலில் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார், அப்புறம்தான் பேச்சு. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு கடமையும் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பினால் அவர் தம் கைகளையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அதிலிருந்து அவர் மீண்டு வந்த விதம்தான் நான் அறிந்த ஜப்பார் பாய்.

நான் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் இருக்கிறேன். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவள். நாற்பது வயதுக்கு மேல் அந்த ஆசை மறுபடியும் தலைக்கேறி, கடற்கரை விடுதி ஒன்று கழித்துப் போட்ட சின்னப் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். "மதுரையில கப்பலா?" என்று என் கணவர் ஒரு வாரம் சிரித்தார். ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் நிறைந்தால் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். ஆனைமலைப் பக்கமிருந்து நல்ல காற்று வரும். ஒரு படகு ஓட வேறென்ன வேண்டும்?

ஒரு குறைதான் இருந்தது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலத்தை வெட்டியவர்கள் தூரோடு தோண்டாமல் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் நின்றால் அவை கண்ணுக்குத் தெரியாது. படகைத் திருப்புகிற சுக்கான் பின்பக்கம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்குமல்லவா, அது ஒரு நாள் கட்டையில் மோதி இரண்டாகப் பிளந்தது. துண்டுகளை உரச்சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோரிப்பாளையத்தில் மூன்று பட்டறைக்காரர்கள், "ஆத்துல தண்ணியே இல்லையே டீச்சர்" என்று சிரித்து அனுப்பினார்கள். நாலாவது பட்டறை ஜப்பார் பாயுடையது. அவர் சிரிக்கவில்லை. துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, "எதுல முட்டுச்சு?" என்றார்.

"கருவேலக் கட்டையில."

"அப்ப மறுபடியும் முட்டும். உடையாம நிக்கிறதாச் செய்யணுமா, முட்டுனா மடங்கிக் குடுக்குறதாச் செய்யணுமா?"

இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. மடங்குகிற சுக்கான் உண்டு என்று எனக்குத் தெரியும். படம் வரையத் தொடங்கினேன். அவர் மேசையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்து விரித்து, மடக்கி, "இது மாதிரிதான?" என்றார். படத்தை நான் முடிக்கவே இல்லை.

பத்து நாளில் செய்து கொடுத்தார். துருப்பிடிக்காத தகடுகள் இரண்டு, நடுவில் தேக்குப் பலகை, மூன்றையும் கோக்கும் ஒரு போல்ட். பைக்கில் சாமான் கட்டுகிற ரப்பர் கயிறு பலகையைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். கட்டை தட்டினால் பலகை பின்பக்கமாக மடங்கி மேலே எழும்பும். தாண்டியதும் கயிறு பழையபடி கீழே இழுத்துவிடும். நட்டை முழுக்க இறுக்காமல் கால் சுற்று விட்டு வைத்திருந்தார். அந்த இடம் மாறாமல் இருக்க, நஸீமாவின் நகப்பூச்சை வாங்கி நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்துச் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார். "நட்டு மூச்சு விடணும் டீச்சர். இந்தக் கோட்டைத் தாண்டிறாதீங்க" என்றார்.

அந்த மார்கழி முழுவதும் சுக்கான் அருமையாக வேலை செய்தது. நான் போனில் சொல்லச் சொல்ல உம் கொட்டிக் கேட்பாரே தவிர, பார்க்க வரமாட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. "வைகைக் கரையில பொறந்தவனுக்கு நீச்சல் எதுக்கு டீச்சர்?" என்பார். பொங்கல் விடுமுறையில் விடாப்பிடியாக அழைத்துச் சம்மதிக்க வைத்தேன்.

அதற்கு முதல் நாள்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நட்டு தளர்வாக இருந்ததால் அலை அடிக்கும்போதெல்லாம் சுக்கான் கடகடவென்று சத்தம் போடும். பெரிய விஷயமில்லை. ஆனால் அவர் செய்த சாமான் அவர் முன்னாலேயே ஆடக்கூடாது என்று எனக்குப் பட்டது. மேலும் நான் மதுரைக்காரி. வண்டியில் சத்தம் வந்தால் ஸ்பேனரைத் தேடுகிற ஊர் இது. கணவரின் பைக்கில் இருந்த ஸ்பேனரை எடுத்து, சிவப்புக் கோட்டைத் தாண்டி, கை வலிக்கும் வரை இறுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

மறுநாள் வெள்ளைச் சட்டைக்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொழுகைத் தொப்பியோடு படகில் விறைப்பாக உட்கார்ந்தார் ஜப்பார் பாய். நடுக் கண்மாயில் காற்று பிடித்ததும் முகம் மாறியது. "சத்தமே இல்லாம போகுதே" என்றார். அவர் சொன்னது எஞ்சின் சத்தத்தை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. அடுத்த சில நிமிடங்களில் சுக்கான் ஒரு கட்டையில் மோதியது. மடங்கவில்லை. பின்பக்கத்துக் கீல்கள் பெயர்ந்து சுக்கான் அப்படியே பிடுங்கிக்கொண்டு போக, படகு சுழன்று கவிழ்ந்தது. தண்ணீர் நெஞ்சளவுதான். இருமிக்கொண்டே எழுந்து நின்றார். கருவேலமுள் கிழித்து இடது முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுகியது. கரையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் காயத்தையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை.

"மடங்கலையே டீச்சர். ஏன் மடங்கலை?"

"தெரியல பாய்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சுக்கான் கலங்கல் சேற்றில் முங்கிவிட்டது. காலால் துழாவிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கோடையில் கண்மாய் வற்றினால்தான் தெரியும். இறுகிய நட்டும் அதோடு முங்கிக் கிடந்தது. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து நஸீமா கூப்பிட்டாள். "அத்தா லேத்தையே ஓட்டலை டீச்சர். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மடக்குத் தடுப்புச் செய்யச் சொல்லி வந்தவங்களை, வேற எங்கயாச்சும் குடுங்கன்னு திருப்பி விட்டுட்டாங்க. கேட்டா, என் கை தப்புப் பண்ணிருச்சும்மா, இனிமே ஆள் உசுர் சம்பந்தப்பட்ட வேலை வேணாங்குறாங்க. நீங்க வந்து பேசுங்களேன்." என் வாயை நான் திறக்காத ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு மனிதர் தம் கையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை போனேன். அணைத்துப் போட்ட லேத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. "பாய், சுக்கான்ல உங்க தப்பு எதுவும் இல்ல. முத நாள் நான் நட்டை இறுக்குனேன். கோட்டைத் தாண்டி இறுக்குனேன். கேட்டப்ப தெரியலைன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன். கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டு இறுக்குனீங்க?"

"முழுசா."

"ஏன்?"

"சத்தம் வந்துச்சு பாய். நீங்க வாறப்ப சத்தம் வரக்கூடாதுன்னு."

தலையை ஆட்டினார். "சத்தம் வந்தா யாரா இருந்தாலும் இறுக்கத்தான் செய்வாங்க. நானா இருந்தாலும் இறுக்கிருப்பேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் செய்யாம, கோடு போட்டா போதும்னு நெனைச்சுட்டேன். புத்தி என்ன சொல்லும்னு பாத்துச் சாமான் செய்யக்கூடாது டீச்சர். கை என்ன செய்யும்னு பாத்துச் செய்யணும்." அப்புறம், "பொய் சொன்னீங்களே, அது தப்புதான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எழுந்து போய் லேத்தைப் போட்டார்.

அன்று அவர் கடைந்தது ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு. போல்ட் அதற்குள் நுழையும். அது பலகையின் ஓட்டைக்குள் நுழையும். சத்தத்துக்கு வழி என்னவென்று யோசித்து, பட்டறையை ஒட்டிய வீட்டு அடுப்படியில் இருந்த பிளாஸ்டிக் காய்வெட்டுப் பலகையைத் தூக்கிவந்து தேக்குப் பலகையின் இரு பக்கமும் வைக்க இரண்டு வட்ட வாசர்கள் வெட்டினார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி கேட்ட கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை. தேக்குப் பலகையும் இரண்டு வாசர்களும் சேர்ந்த தடிமனைவிடப் பித்தளைத் துண்டு ஒரு மயிரிழை நீளம். ஆகவே நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகடுகள் பித்தளையைத்தான் நெரிக்கும். பலகை அதன் பாட்டுக்குச் சுழலும். சத்தத்துக்கும் இடமில்லை. புதுச் சுக்கான் முடிந்ததும் பட்டறையிலேயே நீளமான ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"இறுக்குங்க டீச்சர்."

"வேணாம் பாய்."

"எம்புட்டு வேணாலும் இறுக்குங்க."

முழு பலத்தோடு இறுக்கினேன். அவர் ஒற்றை விரலால் பலகையைத் தட்டினார். அது மடங்கி எழும்பி, ரப்பர் கயிறு இழுக்கக் கீழே இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாசியில் தண்ணீர் குறைவதற்குள், கீல்களை உள்பக்கம் தகடு வைத்துப் பொருத்திச் சோதித்தோம். அவரும் படகில் ஏறினார். "அந்தக் கட்டைக்கே விடுங்க" என்றார். அடியில் டக்கென்று தட்டியது. சுக்கான் எழும்பி இறங்கியது. படகு நேராகப் போனது. "மறுபடியும் விடுங்க" என்றார். அன்று ஏழு தடவை அந்தக் கட்டைமேல் ஏற்றினோம். ஏழாவது தடவை அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அவரே போன் போட்டார் என்று நஸீமா சொன்னாள். சித்திரையில் கண்மாய் வற்றியபோது பழைய சுக்கான் சேற்றோடு கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அவர் பார்க்கக்கூட இல்லை. தகடு நல்ல தகடு, ஆகும் என்று கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆறு மழைக்காலம் படகு ஓட்டியாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை வருவார். கரையை விட்டு ரொம்பத் தூரம் போகவிடமாட்டார். கடைசியாக, போன தையில் வந்தார். "நீச்சல் கத்துக்கிரலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கக் கூட்டம். பெண்கள் இருந்த பக்கம் போய் முகத்தைப் பார்த்துவிட்டு, நஸீமாவைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த ஒருவர் வணக்கம் சொன்னார். அவருடைய அம்மாவின் சக்கர நாற்காலிக்கு மடங்குகிற கால் மிதி செய்து கொடுத்தவர் ஜப்பார் பாயாம்.

"நீங்கதான் படகு டீச்சரா?" என்றார். "பாய் உங்களைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லுவாருங்க. அந்த மிதியை யாரு எப்படி இறுக்குனாலும் இறுகாதுங்க. எப்படிண்ணே இப்படிச் செய்றீங்கன்னு கேட்டா, ஒத்தக்கடையில ஒரு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க, அதுல இருந்து மடங்குற சாமான் எல்லாத்தையும் இப்படித்தான் செய்றேன்னு சொல்வாரு."

ஆறு வருடமாக, மடங்குகிற ஒவ்வொரு சாமானோடும் என் தப்பை எனக்குப் பெருமையாக மாற்றி ஊரெல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். அவரும் ஓடிப் போய்த் தோள் கொடுத்தார். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். வெயிலில் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டு போனார்கள். சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜப்பார் பாய், ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்கிறேன். நான் உங்களுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் நட்டை இறுக்கினேன், கேட்டபோது பொய் சொன்னேன். சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். நிம்மதியாகப் போங்கள்.