இடுக்குப் பிள்ளையாருக்குப் போன விடுமுறை

இந்தக் கதையை உங்கள் அம்மா சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் சிரிக்கிற மாதிரிதான் சொல்வாள். அந்த நேரத்தில் அவள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள், நான் கல்லுக்குள் கிடந்தேன். அதனால் நானும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆரணியில் நான் வேலை பார்த்த அரிசி மில்லில் பாய்லர் பழுதாகி லீவு விட்டார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் அம்மாவை நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. திருவண்ணாமலையில் ஒரு சத்திரத்தில் தங்கிக்கொண்டு, செஞ்சிக் கோட்டை, சாத்தனூர் அணை, பெரிய கோயில் எல்லாம் பார்த்துவிடுவது என்று புறப்பட்டோம். பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவன் கைக்குழந்தை.

பஸ் ஏறும்போதே பெரியவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நாள் முன்னால்தான், மில்லில் என்னோடு மூட்டை தைக்கிறவருடைய பெண் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய், மறுநாள் கிடைத்தாள். கிடைத்துவிட்டாள், சரிதான். ஆனால் அந்த ஒரு ராத்திரியில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருந்தேன். பெரியவளே, உன் கையை விடவே கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

செஞ்சியில் ராஜகிரி மலை ஏறினோம். உச்சிக்குக் கிட்டத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அதன்மேல் ஒரு மரப்பாலம். பலகைச் சந்து வழியே கீழே பள்ளம் தெரிந்தது. நீ குதித்துக் குதித்து நடக்கிறாய். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு முனையை உன் மணிக்கட்டிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டினேன்.

"என்னாங்க இது, கன்னுக்குட்டியா?" என்றாள் உங்கள் அம்மா.

"ஓடிட்டாள்னா?"

"எங்க ஓடுவா? செஞ்சி ராஜா வந்து தூக்கிக்கினு போயிடுவாரா?"

அங்கே வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவிழ்க்கவில்லை. கீழே இறங்கி, கல்யாண மகாலையும் குளத்தையும் துண்டோடுதான் பார்த்தோம். மறுநாள் சாத்தனூரில் முதலைகள் கல் மாதிரி கிடந்தன. எல்லாரும் முதலையைப் பார்த்தார்கள், நான் கம்பி வேலிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு குழந்தை நுழைகிற சந்து இருக்கிறதா என்று பார்த்தேன்.

பெரிய கோயிலில் பாதாள லிங்கத்துக்கு இறங்குகிற இடத்தில் இருட்டு, நெரிசல். உனக்கு அங்கே ஒரு பாடம் சொன்னேன். "முன்னால ஆளு இருந்தா தள்ளக்கூடாது, கூப்பிடக்கூடாது. அவங்க போற வரைக்கும் வாயத் தொறக்காம பின்னாலயே நிக்கணும். சத்தம் போட்டா சாமி கோச்சுக்கும்." நீ தலையாட்டினாய். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையில் மலையைச் சுற்றி நடந்தோம். இப்போது மாதிரி அப்போது கூட்டம் கிடையாது. சாதாரண நாளில் நாலைந்து சாமியார்கள், ஆடு மேய்க்கிறவர்கள், அவ்வளவுதான். இடுக்குப் பிள்ளையாரைப் பற்றிச் சத்திரத்துக் காவல்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். சின்னக் கல்மண்டபம், உள்ளே நேர் வரிசையில் இல்லாத மூன்று குட்டி வாசல். பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து, சாலைப் பக்கம் வெளியே வர வேண்டும். வந்தால் உடம்பு வலி போகும். "கொழந்தைய முன்னால வுட்டு பின்னாலயே போங்க. உள்ள பூந்தவங்க திரும்பக்கூடாது," என்றார்.

மூட்டை தூக்கி எனக்கு இடுப்புவலி. அதனால் ஆசை.

சின்னவன் பாலுக்கு அழுதான். உங்கள் அம்மா சற்றுத் தள்ளி மரத்தடிக்குப் போய், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் துண்டை அவிழ்த்தேன். அந்த ஊர்ப்பயணத்தில், சத்திரத்துக்கு வெளியே, அங்கேதான் முதல் தடவையாக அவிழ்த்தேன். நீ எலிக்குஞ்சு மாதிரி நுழைந்தாய். நான் பின்னாலேயே நுழைந்தேன்.

முதல் வாசலில் தலையும் தோளும் போயின. இரண்டாவதில் இடுப்பு நின்றுவிட்டது. நம் பக்கத்து ஆம்பிளைகள் வேட்டிமேல் கட்டுகிற அகலப் பச்சை பெல்ட்டு, அதன் பை புடைத்துக்கொண்டு கல்விளிம்பில் மாட்டிக்கொண்டது. முன்னால் தள்ளினால் இறுகுகிறது, பின்னால் இழுத்தால் சட்டை சுருண்டு நெஞ்சை அழுத்துகிறது. ஒரு கை உடம்புக்கு அடியில். கல் எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமுமாக மூக்கை அடைத்தது.

"அப்பா, நான் வெளிய வந்துட்டேன்," என்று உன் குரல் கேட்டது.

"அங்கயே நில்லு. ரோட்டுக்குப் போவாத."

"சரிப்பா."

மூச்சைச் சின்னதாக்கி மறுபடி உந்தினேன். நகரவில்லை. "இருக்கியா?" என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வாசல் வழியே ஒரு சாண் வெளிச்சமும் சாலையின் ஒரு பகுதியும் தெரிந்தன. அதில் உன் பாவாடை இல்லை.

அப்போது லாரி வருகிற சத்தம் கேட்டது. வருகிற வழியில் சாலைக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் நின்ற குட்டை ஒன்றைப் பார்த்திருந்தேன். அதுவும் ஞாபகம் வந்தது. உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். கல்லுக்குள் என் சத்தம் என் காதிலேயே வந்து மோதியது. லாரி ஹாரன் அடித்தது, நீளமாக. எனக்குக் கால் இரண்டும் தானாக உதைத்துக்கொண்டன. அந்த மூட்டை தைக்கிறவர் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இனி அது என் முகம்.

அடியில் கிடந்த கையை எப்படி இழுத்தேன், கொக்கியை எப்படி அவிழ்த்தேன் என்று தெரியாது. முழங்கைத் தோல் கல்லில் போனது பிறகுதான் தெரிந்தது. பெல்ட்டை அங்கேயே விட்டு, மூன்றாவது வாசலைத் தாண்டி வெளியே விழுந்தேன். லாரி போய்விட்டிருந்தது. புழுதிதான் நின்றது. சாலையில் எதுவும் கிடக்கவில்லை. அவிழ்கிற வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குட்டைக்கு ஓடினேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அசையாமல் இருப்பதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இறங்கிவிடலாம் என்று ஒரு காலை வைத்தேன்.

"அப்பா, உன் பெல்ட்டு."

திரும்பிப் பார்த்தேன். பிள்ளையார் வாசலில் உன் தலை. பெல்ட்டைப் பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டு மறுபடி ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருக்கிறாய்.

ஓடிவந்து உன்னைத் தூக்கினேன். "எங்கடி போன?"

"இன்னொரு வாட்டி வரலாம்னு சுத்தி வந்தேன். நீ உள்ளயே இருந்த. கால ஆட்டிக்கினே இருந்த."

"கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. முன்னால ஆளு இருந்தா பேசக்கூடாதுன்னு நீதான சொன்ன."

என் காலடியிலேயே, நான் சொல்லிக்கொடுத்தபடி, வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாய்.

உங்கள் அம்மா சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். என் முழங்கை ரத்தம், சேற்றுக் கால், கையில் பிடித்த வேட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். "என்னாங்க, புள்ளையாரு கிட்ட குஸ்தி போட்டீங்களா? இடுப்புவலி போச்சா?"

நான் உன்னைக் கீழே இறக்கிவிடாமலே நின்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, பின்பக்கம் நான் போட்டிருந்த துண்டை எடுத்துவந்து உதறி என் முழங்கையில் சுற்றிக் கட்டினாள். ஆக, உன்னைக் கட்டுவதற்குத் துண்டும் இல்லை.

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "இன்னும் ஒரே வாட்டிப்பா."

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு உன்னிடம், "போ, ஆனா பாட்டுப் பாடிக்கினே வரணும்," என்றாள். அவளே உன்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் விட்டாள்.

நான் முன்வாசலில் மண்டியிட்டு, கையை உள்ளே தோள்வரைக்கும் விட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஏதோ பாட்டு, இருட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. உன் விரல் என் விரலில் படும்வரை நான் சாமியைக் கும்பிடக்கூட இல்லை.