நாய்க்கரையில் நாலு முட்டைகள்

மார்லிஸ் கோவால்கேயை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில், குளிர்காலத்தில் விடியுமுன்னே சாலைப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் ஆரஞ்சு லாரியை ஓட்டுபவள் அவள்தான். கோடையில் அதே சாலைகளின் ஓரம் புல் வெட்டுவாள். ஐம்பத்தெட்டு வயது. நல்ல உயரம். பக்கத்தில் லாரி உறுமிக்கொண்டு நின்றாலும் அவள் பேசுவது தெளிவாகக் கேட்கும். பதினோரு வருஷம் அவளோடு ஒரே சாலைத்துறைப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

அவளுடைய நாயின் பெயர் டர்னிப். நாய்க் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தது. பாதி வேட்டைநாய், மீதி என்னவென்று அதன் தாய்க்குத்தான் தெரியும். முதல் இரண்டு வருஷம் அதைக் கயிறில்லாமல்தான் ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவாள். பூங்காவைக் காக்கும் ரேஞ்சர்கள் கயிறு கட்டச் சொன்னால், அது என்ன கைதியா என்று திருப்பிக் கேட்பாள். ஒருநாள் அது காட்டுக்குள் எதையோ துரத்திக்கொண்டு ஓடி, மூக்கிலும் நாக்கிலும் முள்ளம்பன்றியின் முட்களோடு திரும்பி வந்தது. மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய இரண்டு மணி நேரமும் மார்லிஸ் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளே ஆறடிக் கயிறு வாங்கினாள். அதன்பிறகு கயிறில்லாத நாயோடு அவள் கண்ணில் பட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அப்போது ஏரிக்கரையில் நாய்க்கழிவு பெருகிவிட்டது. கரை முழுவதையும் நாய்களுக்கு மூடிவிடப் பூங்கா நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. மார்லிஸ் ஆள் சேர்த்தாள். சனிக்கிழமைதோறும் இருபது பேர் பையும் கையுறையுமாகக் கரையைச் சுத்தம் செய்தார்கள். யார் நாய் போட்டது என்று கேட்கக்கூடாது, கண்ணில் பட்டதை அள்ள வேண்டும் என்பது அவள் வைத்த விதி. கூட்டங்களுக்குப் போனாள், கையெழுத்து வாங்கினாள். ஆறு வருஷம் கழித்து, பார்க்கிங்கிலிருந்து, ஓடை ஏரியில் கலக்கும் ஓடைவாய் வரை இரண்டு மைல் நாய்களுக்குக் கிடைத்தது. கயிறு கட்டாயம், அள்ளுவது கட்டாயம். எல்லோரும் அதை நாய்க்கரை என்றே கூப்பிட்டார்கள். அவளோடு ஆரம்பத்திலிருந்து நின்றவர் வெண்டெல் ப்ரூயிட். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களின் சொந்தக்காரர், வாய்த்துடுக்கு அதிகம்.

நாய்க்கரை கிடைத்து ஒரே ஒரு கோடைதான் கழிந்திருந்தது. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் டர்னிப்பை நடத்திக்கொண்டு போனாள் மார்லிஸ். மூடுபனி. ஓடைவாய்க்குச் சற்று முன்னால், கூழாங்கல் பரந்த இடத்தில், நாய் சட்டென்று நின்று மூக்கை நீட்டியது. கைப்பிடியளவு பறவை ஒன்று காலடியிலிருந்து எழுந்து, ஒரு சிறகை ஒடிந்ததுபோல் மணலில் இழுத்துக்கொண்டு தள்ளாடி ஓடியது. டர்னிப் பாய்ந்தது. கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்ததால் மார்லிஸின் தோள்தான் கழன்றுவிடப் பார்த்தது. அவள் நாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிறகு ஒடியவில்லை, அது நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். பூங்கா அறிவிப்புப் பலகைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். உப்புக்கொத்தி. மிச்சிகன் உள்ளிட்ட இந்தப் பேரேரிகளின் கரைகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஜோடிகள் மிஞ்சியிருக்கும் மணல்நிறக் குருவி. கூட்டிலிருந்து எதிரியை விலக்கிக் கூட்டிப்போகத்தான் அப்படி நொண்டும். அப்படியானால் கூடு எங்கே? நாயைக் கட்டிப் பிடித்தபடி தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். நான்கு கூழாங்கற்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஒழுங்காகக் கூடியிருந்தன. அவை கற்கள் அல்ல.

பிறகு அவள் எங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னாள். ரேஞ்சரிடம் போனால் நாய்க்கரை மூடப்படும், சும்மா வீட்டுக்குப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு வந்ததாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். டர்னிப் ஒருமுறை தும்மி முடிக்கும் நேரம் என்றாள். பிறகு தான் வந்த காலடித் தடங்களிலேயே மிதித்துத் திரும்பி, நாயை வண்டியில் ஏற்றிவிட்டு, ரேஞ்சர் ஜோலினின் அறைக்கதவைத் தட்டினாள்.

ஜோலினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்தப் பக்கக் கரையில் ஒரு கூட்டைப் பார்த்துவிட மாட்டோமா என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏங்கியவள். செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த காப்பிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்லிஸிடமே கொடுத்துவிட்டு ஓடினாள். மதியத்துக்குள் கூட்டின்மேல் கம்பிக்கூண்டு வந்தது. பறவை நுழையலாம், நரி நுழைய முடியாது. சாயங்காலத்துக்குள் நாய்க்கரைக்குக் குறுக்கே தடுப்புக் கயிறும் அறிவிப்புப் பலகையும் வந்தன. கயிற்றில் பிடித்திருந்தாலும் நாயைக் கண்டால் தாய் முட்டையை விட்டு எழுந்துவிடும். முட்டை குளிர்ந்துவிடும்.

வெண்டெல் அன்று மாலையே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"ஆறு வருஷம் மார்லிஸ். நாலு முட்டைக்கு ரெண்டு மைலைத் தூக்கிக் குடுத்திட்டியே. உன் கண்ணுல படாமலே போயிருக்கக் கூடாதா?"

"என் கண்ணுல எங்க பட்டுச்சு? டர்னிப் மூக்குலதான் பட்டுச்சு."

"அப்ப துரோகி உன் நாய்தான்."

"வீட்டுக்குப் போய் அதுகிட்ட சொல்றேன்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே தணிவாகச் சொன்னாள்: "நாய் வச்சிருக்கவங்கள நம்பலாம்னு சொல்லித்தானே அந்தக் கரையக் கேட்டோம், வெண்டெல்? இப்ப நம்ப வேணாமா?"

அவர் கிளம்பிப் போய்விட்டார். ஒரு மாதத்துக்கும் மேல் அவளோடு பேசவில்லை. இன்னும் சிலரும்தான். மார்லிஸ் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தினமும் விடிகாலை தடுப்புக் கயிற்றருகே போய் உட்கார்ந்தாள். டர்னிப்பை முதலில் பூங்காவின் முகாம் சாலையில் நடத்தி வீட்டில் விட்டுவிட்டு வருவாள். நாயோடு வருகிறவர்களை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டாள். முகாம் சாலை, ஆற்றோரப் புல்வெளி, பழைய ரயில்பாதை என்று போகக்கூடிய இடங்களைக் கையால் வரைந்த படத்தில் காட்டுவாள். நாய்க்கு ஒரு பிஸ்கட்டும் சட்டைப்பையிலிருந்து வரும்.

ஜூன் நடுவில் நான்கும் பொரிந்தன. பஞ்சு உருண்டைக்குக் குச்சிக்கால் முளைத்ததுபோல இருக்கும். பிறந்த சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டன. பட்டறையில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. மார்லிஸ் உள்ளே நுழைந்தால் வணக்கம் சொல்லுமுன் எத்தனை என்று கேட்போம். நாலு என்பாள். பத்தாம் நாள் மூன்று என்றாள். கடற்காகம் ஒன்று தூக்கிப்போய்விட்டது. அன்று பட்டறையில் யாரும் பாட்டுப் போடவில்லை.

ஜூலை நாலு, சுதந்திர தின விடுமுறை வந்தது. ஊரே கரையில். குஞ்சுகளுக்குப் பறக்க இன்னும் சில நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு, கழுத்துப்பட்டையிலிருந்து நழுவி, வெள்ளை ஹஸ்கி நாய் ஒன்று தடுப்புக் கயிற்றுக்கு அடியில் பாய்ந்து நேரே ஓடைவாயை நோக்கிப் பறந்தது. பின்னால் ஒரு இளம் ஜோடி பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தியது. துரத்தத் துரத்த அது வேகமாக ஓடியது. தாய்ப்பறவை சிறகை இழுத்து நொண்ட ஆரம்பித்துவிட்டது.

மார்லிஸ் நாயைத் துரத்தவில்லை. காது கிழிய ஒரு குதூகலக் கூச்சல் போட்டுவிட்டு, நேர் எதிர்த்திசையில் ஓடினாள். கையை வீசி, சிரித்து, உலகத்திலேயே பெரிய வேடிக்கை அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதுபோல. ஹஸ்கி திரும்பிப் பார்த்தது. வேடிக்கையைத் தவறவிட அதற்கு மனமில்லை. அவளைத் துரத்த ஆரம்பித்தது. அவள் ஓடிய ஓட்டத்தில் தடுக்கி ஏரிக்குள் விழுந்தாள். நாய் அவள் முதுகில் ஏறியது. அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஜோடியில் பெண் அழுதுகொண்டே வந்து நின்றாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"பட்டைய இன்னும் ரெண்டு துளை இறுக்கிப் போடும்மா," என்றாள் மார்லிஸ், மூச்சு வாங்கியபடி. "என் நாயும் ஒருகாலத்துல இப்படித்தான். ஆத்தோரம் கூட்டிட்டுப் போங்க, அங்க அதுக்குப் பிடிக்கும்."

மேலே பார்வை மேடையிலிருந்து முழுவதையும் பார்த்தவர் வெண்டெல். இறங்கி வந்து, சொட்டச் சொட்ட நின்றவளிடம் ஒரு துண்டை நீட்டினார். "நீ இப்படி ஓடுவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஊரையே கூட்டிட்டு வந்திருப்பேன்," என்றார். மறுநாள் காலை கயிற்றருகே இரண்டு நாற்காலிகள் இருந்தன. லாப்ரடார்கள் வரவில்லை.

ஜூலை எட்டாம் தேதி நாங்கள் ஆளுக்கொரு சாலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தோம். மார்லிஸ் அன்று தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது மணி இருக்கும், வண்டிக்கு வண்டி பேசும் வானொலி கரகரத்தது; கரையிலிருந்து, கைக்கருவியில், மார்லிஸ்.

"பறந்திருச்சு. கேக்குதா? பறந்திருச்சு."

எங்கள் மேற்பார்வையாளர் டுவேன் கறாரான ஆள். இந்த அலைவரிசை சாலை வேலைக்கு மட்டும்தான் என்று அதட்டினார். பிறகு அவரே கேட்டார்: "எத்தன?"

"ரெண்டு. மூணாவது இன்னும் ஓடிட்டே இருக்கு. சிறக அடிக்குது. கால் தரையில படல. இல்ல, பட்டுருச்சு. இரு."

நான் என்ஜினை நிறுத்தினேன். எதிர்ச்சாலையில் இன்னொரு வண்டியும் நின்றது. வானொலியில் காற்றின் இரைச்சலும், பக்கத்தில் வெண்டெல் "போடா, போடா" என்று முணுமுணுப்பதும் கேட்டது.

"ஓடையத் தாண்டிருச்சு," என்றாள் மார்லிஸ். "மூணும்."