சிவந்திக்கனியின் மக்காத முகம்

சிவந்திக்கனி பைகளுக்காகவே பிறந்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இராயபுரம் வந்து, மொத்தக் கடை போட்டு, ஊதினால் பறக்கும் கேரி பேக்குகளால் வடசென்னையின் சாக்கடைகளைத் தம் சொந்த உழைப்பில் அடைத்தார். அரசு அந்தப் பைகளுக்குத் தடை போட்ட அன்றே அவருக்கு இயற்கை மீது காதல் பிறந்தது. இத்தனை வேகமான காதலை அவர் மனைவி இசக்கியம்மாள் கல்யாணமான புதிதில்கூடக் கண்டதில்லை.

புதுச் சரக்கின் பெயர் ‘மக்கும் பை’. சரக்கு என்னவோ பழைய பிளாஸ்டிக்தான். வெயில் பட்டால் நொறுங்குவதற்கு ஒரு மருந்து கலந்திருந்தது. நொறுங்கியதெல்லாம் மக்கியதாகுமா என்று யோசிக்கும் கெட்ட பழக்கம் அவரிடம் என்றுமே இருந்ததில்லை.

இந்த நிலையில் வியாபாரிகள் சங்கத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தலைவர் நாற்காலி அவருடைய பல வருட ஏக்கம். எதிர்த்து நின்றவர் அரிசிக்கடை தேவப்பிரியம். சிவந்திக்கனி தம் முகத்தை, முறுக்கிய மீசையோடு, பைகளில் அச்சடித்தார். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஆறே மாதத்தில் மண்ணோடு மண்ணாவேன்!’ தெருவில் பாதிப் பேர் இசக்கியம்மாளிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டாரா? சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். “ஆறு மாசம் கழிச்சுத் தேர்தல். அன்னைக்கு இதுல ஒத்தப் பையை யாராவது கொண்டாந்து காட்டட்டும், போட்டியில இருந்து விலகிக்கிடுதேன்!” கைதட்டல் கூரையைத் தொட்டது.

ஒரு கட்டுப் பையை முகத்துவாரக்குப்பம் பூவம்மாவிடமும் கொடுத்தார். ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்கு இறால் கொண்டுவருபவள் அவள். “இதுல போட்டு வித்துக்கோ. தூக்கிப் போட்டா கரைஞ்சே போயிரும்.”

“நெஜமாவா நைனா?” என்றாள். எண்ணூர்க் கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பவள் அவள். அந்தக் கைக்கு அனல்மின் நிலையச் சாம்பல் தட்டுப்பட்டிருக்கிறது, எண்ணெய் தட்டுப்பட்டிருக்கிறது; எதுவும் கரைந்துபோனதில்லை.

தேர்தலன்று மண்டபத்துக்குள் கூடையோடு நுழைந்த பூவம்மா, மேடைமுன் அதைக் கவிழ்த்தாள். ஒரே பிளாஸ்டிக் துணுக்குகள்.

“நைனா, உன் மீச ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம் கெடக்குது. எறான்னு கைய வுட்டா உன் மூக்கு வருது. இன்னா பேஜாரு இது?”

சிவந்திக்கனி அசரவில்லை. “பாத்தியளா! நொறுங்கிட்டுல்லா? துண்டைக் கொண்டாந்து பையின்னா எப்படி? முழுப் பை எங்க?”

“தோ.” இடுப்பிலிருந்து ஒன்றை உருவி உதறினாள். “சேத்துக்குள்ள பொதஞ்சிகினு இருந்துச்சு. வெயிலே படல போல. கழுவுனேன், புதுசாட்டம் கீது.”

பையில் மீசை பளபளத்தது.

“அண்ணாச்சி, விலகிக்கிடுதியளா?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார் தேவப்பிரியம்.

சிவந்திக்கனி யோசித்தார். நாற்காலியை விட முடியாது. பை வியாபாரத்தையும் விட முடியாது. விடக்கூடியது முகம் ஒன்றுதான்.

“அது நான் இல்லை,” என்றார். “எவனோ போட்டிக்காரன் அடிச்சிருக்கான்.”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. செயலாளர், சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்று தள்ளிவைத்தார். சாப்பாடு முடிந்து திரும்பிய சிவந்திக்கனியின் மேலுதடு, சலூனில் சிரைத்துவிட்டு வந்ததில், பச்சைக் குழந்தையினுடையதுபோல் இருந்தது.

“இப்பப் பாத்துச் சொல்லுங்க, இந்தப் பையில இருக்கவன் நானா?”

கடை இசக்கியம்மாள் பெயரில் இருந்ததால் அவளுக்கும் சங்கத்தில் ஓட்டு இருந்தது. எழுந்தாள்.

“இவுகதான். ஆறு மாசத்துல மக்கினது மீசை மட்டுந்தான்.”

செயலாளர் பட்டியலில் சிவந்திக்கனியின் பெயரை அடித்தார். தேவப்பிரியத்துக்கு மாலை விழுந்தது.

“பூவம்மா, இன்னைக்கு எறா இருக்கா?” என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

“வெளிய வச்சிகீறேன்மா. எதுல போட்டுத் தர?”

“அந்தப் பையிலயே போடு. இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு உழைக்கும்.”

வீடுவரை இறால் பையைத் தூக்கிவந்தவர் சிவந்திக்கனிதான். வழியில் பார்த்தவர்களெல்லாம் முதலில் பைக்கு வணக்கம் சொன்னார்கள். பிறகுதான் அவரை யாரென்று விசாரித்தார்கள்.