விசிலுக்கு இறங்கிய மலை

இருபத்திரண்டு பேரோடு மூச்சு வாங்க ஓடி, பந்தை ஒருதரம்கூட உதைக்காமல், கடைசியில் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற வேலைக்குத்தான் உதைபந்தாட்ட நடுவர் என்று பெயர். பஸ் கண்டக்டர்களே, கோயில் கமிட்டிச் செயலாளர்களே, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அகப்பட்ட மருமகள்களே, நீங்கள் எல்லாம் நம்ம ஆட்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை. பகலோடு வேலை முடிந்துவிடும். பள்ளிக்கூட நாட்களில் நானும் உதைபந்தாட்டம் ஆடியவள். பிறகு கூட ஆடியவர்கள் கல்யாணமாகியும் கொழும்புக்கு வேலைக்கும் போய்விட்டார்கள். எனக்கு ஆட்டத்தை விட மனசில்லை. ஹட்டனில் நடுவர் பயிற்சி நடக்கிறது, பெண்களும் சேரலாம் என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டேன். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை, கடைசியாக ஒரு பெரியவர் வந்து பார்த்திருக்க, பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும். மூன்றும் தேறினால் சான்றிதழ். தோட்டத்தில் நான் கொழுந்து எடுக்கிற காமாட்சியின் மகள், இல்லாவிட்டால் பிள்ளைகளின் டீச்சர். நானாகத் தேடிக்கொண்ட பேர் ஒன்று எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

காரணமில்லாத ஓட்டம்

ஓட்டப் பரீட்சைக்குப் பழகத் தோட்டத்து ரோட்டைத் தேர்ந்தெடுத்தது என் முட்டாள்தனம். விடிந்தும் விடியாத நேரம். பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுப்பதற்காகச் சனம் கூடி நின்றது. எங்கள் தோட்டத்தில் யாரும் உடம்புக்கு நல்லது என்று ஓடுவதில்லை. ஒரு பொம்பளை தலைதெறிக்க ஓடினால், பின்னால் குளவி வருகிறது என்று அர்த்தம். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லா லயத்து வீடுகளிலும் இருக்கிறார்கள்.

களத்தைத் தாண்டி ஓடினேன். பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாதிப் பெரட்டும் என் பின்னால் ஓடி வருகிறது. நான் நின்றுவிட்டேன். அவர்கள் நிற்கவில்லை, என்னையும் தாண்டி ஃபெக்டரி வரைக்கும் போய்விட்டார்கள். கங்காணி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இனிமே ஓடுறதுக்கு முந்தி, 'குளவி இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடுங்க டீச்சர்."

அம்மன் வந்த வழி

வெளியாட்கள் மைதானத்துக்குள் நுழைந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியாள் என்றால் ரசிகர், நாய், மாடு என்று எழுதிப் பாடமாக்கினேன். பக்கத்துத் தோட்டத்தில் சின்னப் பையன்களின் பழகல் ஆட்டம் ஒன்றை நடத்தப் போனபோது வந்தது மாரியம்மன்.

கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற ஒரே சமதரை மைதானம்தான். கரகம் போகிற பாதையும் அதுதான். மேளச் சத்தம் கேட்டது, நான் விசில் ஊதி நிறுத்தினேன். பையன்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். பூசாரி கோல் கம்பத்துப் பக்கமாக வந்து கிட்ட நின்றவர்களுக்கெல்லாம் திருநீறு பூசிவிட்டுப் போனார். சரி, முடிந்தது, பந்தைப் போடலாம் என்று பார்த்தால், மற்ற அணியின் பயிற்றுநர் கோபமாக உள்ளே வருகிறார்.

"அவங்க கோல்கீப்பருக்கு மட்டும் ரெண்டு தடவ பூசிட்டுப் போறாரு, நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? எங்க ஆளுக்கும் பூசாம ஆட்டத்த ஆரம்பிக்கக் கூடாது!"

பிஸ்கட்டும் அட்டையும்

எங்கள் தோட்டத்துப் பையன்கள் பாதிப் பேருக்கு நான்தான் மூக்கைத் துடைத்துவிட்டவள். மீசை முளைத்த பிறகும் மைதானத்தில் அவர்களுக்கு நான் ‘டீச்சர்’தான். காலை வாரிவிட்டு, இரண்டு கையையும் விரித்து, "சத்தியமா நான் தள்ளல டீச்சர்" என்பார்கள். சத்தியம் செய்யக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அவர்களில் நெட்டையன் ஒருவனுக்கு ஒரு பழகல் ஆட்டத்தில் முதன்முதலாக மஞ்சள் அட்டை காட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முன்பள்ளியில் முதல் நாள் அம்மாவை விட்டுவிட்டு நின்றபோது இருந்த அதே முகம்.

"அப்பெல்லாம் தப்பு செஞ்சு அழுதா பிஸ்கட்டாவது குடுப்பீங்க டீச்சர்."

நீள விசில்

எழுத்தும் ஓட்டமும் தேறிவிட்டேன். மூன்றாவது பரீட்சை எங்கள் தோட்டத்து மைதானத்திலேயே அமைந்தது. எங்கள் பள்ளிக்கூடமும் அக்கரைத் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் மோதின. ஹட்டனிலிருந்து சிங்களப் பெரியவர் ஒருவர் குடையோடு வந்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மைதானத்துக்கு மேலேயே தேயிலை மலை. அன்றைக்கு அங்கேதான் கொழுந்து எடுப்பு, அம்மாவும் அதில் நின்றாள்.

முதல் பாதி சண்டையில்லாமல் போனது. சந்தோசத்தில் இடைவேளைக்கு மூச்சைப் பிடித்து ஒரு நீள விசில் ஊதினேன். எங்கள் தோட்டத்தில் நீள விசில் என்றால் கணக்கப்பிள்ளை ஐயா கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் அது மறந்தே போய்விட்டது. மலை முழுக்க இருந்த பெண்கள் கூடையோடு மடமடவென்று இறங்கி, மைதானத்து ஓரத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். தராசும் இல்லை, ஐயாவும் இல்லை.

ஐயா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம் போய்விடும். இறங்கிய நேரத்துக்கும் திரும்பி ஏறுகிற நேரத்துக்கும் எந்தத் தோட்டம் கணக்குத் தரும்? அம்மா இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை இறுக்கிக்கொண்டு திரும்பி ஏறினாள். ஐயா இடுப்பில் கைவைத்து மலையைப் பார்த்துக் கத்தினார்.

"நான் நேர்ல வந்து சொல்ற வரைக்கும் எந்த விசில் கேட்டாலும் எறங்கக் கூடாது! வெளங்குச்சா?"

கைமணி

அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பி, இனி இந்த மைதானத்தில் விசில் சத்தமே கேட்கக் கூடாது என்றார். பரீட்சையின் பாதியில் விசில் இல்லாத நடுவர்! நாற்காலியில் இருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை. சான்றிதழ் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு முன்பள்ளிக்கு ஓடிப்போய், பிள்ளைகளை அடக்க நான் அடிக்கிற கைமணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். விசிலையும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

நான் மணி அடித்தேன், இருபத்திரண்டு பேரும் சிலையாக நின்றார்கள். எந்த விசிலுக்கும் அப்படி நின்றதில்லை. நாலைந்து பேர் தங்களை மறந்து கையையும் கட்டிக்கொண்டார்கள். அக்கரைத் தோட்டத்துப் பையன்களும் அப்படித்தான் நின்றார்கள், அங்கேயும் ஒரு டீச்சர் மணி அடித்திருப்பார் போல. கடைசியில் எங்கள் நெட்டையன் தன் கோலுக்கு முன்னால் வைத்து எதிரணிப் பையன் ஒருவனின் காலை வாரினான். எங்கள் தோட்டம், எங்கள் பையன்கள், என்னைச் சுற்றி எங்கள் சனம். மணியை அடித்து, பெனால்டி புள்ளியைக் காட்டினேன். பந்து வலைக்குள் போனது, நாங்கள் தோற்றோம். எங்கள் விளையாட்டு வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நம்ம புள்ளைகளுக்குச் சத்துமா குடுக்க அடிக்கிற மணிய அடிச்சு, அடுத்தவனுக்குப் பெனால்டி குடுத்திட்டீங்களே டீச்சர்!"

உண்மையான விசில்

ஆட்டம் முடிந்து பெரியவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அப்போது நிஜமாகவே நிறுவை நேரம் வந்தது. ஐயா மடுவத்தில் நின்று நீள விசில் ஊதினார். மலையில் ஒரு தலையும் நிமிரவில்லை. மறுபடி ஊதினார், முகம் சிவக்க ஊதினார். பெண்கள் பாட்டுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதுவும் வழக்கத்தைவிட வேகமாக. கடைசியில் ஐயா கையை வீசியபடி மலையேறத் தொடங்கினார். செங்குத்தான மலை அது, நின்று நின்றுதான் ஏற முடியும். அவர் போய்ச் சேருவதற்குள் இழந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூடைகள் நிறைந்துவிட்டன. அம்மாவின் குரல் மைதானம் வரைக்கும் கேட்டது.

"நேர்ல வந்து சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க!"

பெரியவரின் முடிவு

அன்றைக்கு எல்லாருக்கும் முழுப் பேர் விழுந்தது. எனக்கு அதுவே போதும் போலிருந்தது, ஆனாலும் பெரியவர் முன்னால் போய் நின்றேன். அவர் மேலே மலையைப் பார்த்தார், என் கையில் இருந்த மணியைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"மிஸ் பாஸ். சொந்தத் தோட்டத்துக்கு எதிரா பெனால்டி குடுத்தது, அதுக்குத்தான் பாஸ். மணி பத்தி நான் எழுத மாட்டேன், எழுதினா என்னைப் பெயில் போடுவாங்க."

இப்போது சான்றிதழ் எங்கள் வீட்டுச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஒரு மலையையே இறக்க எனக்கு ஒரு விசில் போதும், அந்த நெட்டையனை அது பெனால்டிதான் என்று ஒத்துக்கொள்ள வைக்கத்தான் இன்னும் எதுவும் அகப்படவில்லை.