குழாய்க்காரி போட்ட சத்தம்

குவான்டம் கணினியைக் குளிரவைக்கும் குழாய்களைப் பதினோரு வருஷமாகப் பற்றவைத்து வந்தவள் அவள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் குழாய்க்காரி. பொதுமக்கள் பார்க்க வரும் நாளில், கசிவு ஏதாவது வந்தால் கவனிக்க அவளை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

விளம்பர அதிகாரி மைக்கைப் பிடித்துக் கதை அளந்துகொண்டிருந்தார். "எல்லா விடையையும் இது ஒரே நேரத்துல பார்த்துடும். புற்றுநோய்க்கு மருந்தெல்லாம் நிமிஷத்துல வந்துடும்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். கையில் மகளின் ஸ்கேன் உறை. "அப்போ இப்ப போடுற ஊசியை நிறுத்திட்டு இதுக்காகக் காத்திருக்கலாமா சார்? புள்ள வலி தாங்க மாட்டேங்குறா."

"காத்திருந்தா நல்லதுதான்," என்று அதிகாரி சிரித்தார்.

குழாய்க்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயை மூடுங்க சார்!" என்று கத்தினாள். "அண்ணா, ஊசியை நிறுத்திடாதீங்க. இதுக்குள்ள பல விடை கலந்து கிடக்கும். எட்டிப் பார்த்தா ஒண்ணுதான் கைக்கு வரும், அது தப்பாவும் இருக்கலாம். சரியானதை மேல கொண்டுவர்ற வழி சில கணக்குக்குத்தான் இருக்கு. அதுக்கே படிச்சவங்க மண்டையை உடைச்சுக்கிறாங்க. மருந்து எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தகப்பன் மட்டும், "நாளைக்கு ஊசி நாள்தான்மா, கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

மேலிடம் அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. "முதல்ல அந்த அதிகாரி அந்த அப்பாகிட்ட கேட்கட்டும்," என்றாள். அவர் கேட்கவில்லை, இவளும் எழுதவில்லை. அவளைக் கட்டடத்தின் அடித்தளத்து வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அதிகாரியைப் பார்த்தால் இன்றும் அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றுகிறது.