மலையேறும் விளையாட்டு

பீர்மேட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பூட்டிய பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. என்னோடு விளையாடிய பிள்ளைகள் கம்பத்துக்கும் தேனிக்கும் போய்விட்டார்கள். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. மூன்றாம் வகுப்பில் என் பெஞ்சில் நான் மட்டும்தான்.

மத்தியானச் சோறு முடிந்ததும் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விடுவேன். எங்கள் டீச்சர் கோட்டயத்துக்காரர். சரித்திரத்தைப் பாடமாகச் சொன்னால் நாங்கள் தூங்கிவிடுகிறோம் என்று, அவரே ஒரு விளையாட்டைச் செய்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு நடந்தே மலையேறி வந்த ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, ஒரு மகள். அட்டை, மழை, காய்ச்சல் எல்லாம் கடந்து அவர்களை லயத்தில் கொண்டு சேர்க்க வேண்டும்.

பாதி வழியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வரும். ‘போகலாம்’, ‘காத்திருக்கலாம்’ என்று இரண்டு பொத்தான்கள் தெரியும். மற்ற பிள்ளைகள் ‘போகலாம்’ என்பதை அழுத்தி, அந்த அப்பாவை வழியிலேயே விட்டுவிட்டுச் சீக்கிரமே ஜெயித்துவிடுவார்கள். எனக்கு விரல் வராது. காத்திருந்தாலோ அரிசி தீர்ந்து ஆட்டம் முடிந்துபோகும்.

“எல்லாரும் மேல வந்து சேரலை, மோளே. அதுவும் சரித்திரந்தான்” என்றார் டீச்சர்.

நான் கேட்கவில்லை. ஒரு நாள், வழியெல்லாம் அந்த மூவருக்கும் அரைவயிற்றுக் கஞ்சியே கொடுத்து அரிசியை மிச்சம் பிடித்தேன். காய்ச்சல் வந்த இடத்தில் ‘காத்திருக்கலாம்’ என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன். மூட்டை காலியாகப் போகும் நேரத்தில் அந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். கம்பை ஊன்றி நடந்தார். மூவரும் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பள்ளி விட்டதும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா வந்துட்டாரு!”

கோடாலியை அப்படியே போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ரோட்டுக்கு ஓடினாள்.

“எங்கட்டி? ஜீப்புலயா வந்தாரு?”

மூச்சு வாங்க விளையாட்டைச் சொன்னேன், அரிசியை மிச்சம் பிடித்த என் சாமர்த்தியத்தையும் விடாமல். அம்மா கீழே வளைந்து போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படவில்லை.

“எம்புட்டு நேரம் காத்திருந்தே?” என்று மட்டும் கேட்டாள்.

“மணி அடிக்கிற வரைக்கும்மா.”

என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.