மணி அடித்தால் நிற்கும் கதை

“வாசல்ல தம்பி நிக்கிறான். உள்ள கும்மிருட்டு. ‘அக்கா, விளக்கை ஏத்து, உன் முகத்தைப் பாக்கணும்’ங்கிறான். இவ கையில தீப்பெட்டி. ஏத்தினாளா, இல்லையா?”

சரியாக இந்த இடத்தில் உள்ளேயிருந்து மணி அடிக்கும். டோக்கன் அக்கா கதையை அப்படியே விட்டுவிட்டு, “அடுத்தவங்க உள்ள போங்க” என்பார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எழ மனமில்லாமல் எழுவார். ஒரு வலியோடு வந்தவருக்கு இப்போது இரண்டு. மணி தற்செயலாக அடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன். உள்ளே மருத்துவர் வாயைக் கொப்பளிக்கச் சொல்லும் குரல் கேட்டதும் அக்கா கதையை விரட்டிக்கொண்டு ஓடுவார். தம்பியை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கும் மணிக்கும் இடையில் ஒரு மூச்சுக்கூட இருக்காது.

ஒருவர் உண்டாக்கியது எதுவரை அவருடையதாக இருக்கிறது? புத்தகங்களில் நான் வெகுநாள் தேடிய கேள்வி இது. வேர் சிகிச்சைக்காகப் பலமுறை போய் உட்கார்ந்த அந்தக் காத்திருப்பு அறையில், அது மேசைக்குப் பின்னால் அமர்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது.

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அந்தப் பல் மருத்துவமனை. படியேறும்போதே கிராம்புத் தைலமும் ரப்பர் கையுறையும் கலந்த வாசனை எதிரே வரும். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு மேசை இழுப்பறையில் தேடுவார். தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி, எதிரில் நிற்பவருக்கு டோக்கனை நீட்டியபடி, மூன்றாவது ஆளைக் கண்ணாலேயே உட்காரவைப்பார். நோயாளிகள் வைத்த பெயர்தான் டோக்கன் அக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

மேசையில் பல் வரிசை ஒன்று இருக்கிறது. பல் கட்ட அளவெடுக்கும்போது மாவுக்கட்டு மாவில் வார்த்த அச்சு. கதையில் நிழல் வாங்குபவன் வரும்போது அக்கா அதைக் கையில் எடுத்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் மோத டக், டக்கென்று தட்டுவார். அதுதான் அவனுடைய சிரிப்பு. பல்லைப் பிடுங்கக் காத்திருப்பவர்கள் கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். “பயம் வந்துடுச்சுல்ல? புக்குல இன்னும் நல்லா வரும்” என்பார்.

புத்தகம் வந்துகொண்டிருந்தது. அவருடைய முதல் நாவல். பெரியம்மா சின்ன வயதில் சொன்ன இரண்டே வரிதான் விதை: ஏரிக்கரையில் நிழல் வாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான், பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகாதே. பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்கச் சொன்னது. “ஏன் வாங்குறான், வாங்கி என்ன பண்றான்னு கேட்டா, பெரியம்மா ‘சோத்தைத் தின்னுட்டுப் படு’ம்பாங்க. பதில் நானே கண்டுபிடிக்கவேண்டியதாப் போச்சு.” உப்பு விற்கும் பெண்ணொருத்தி, ஏரியில் மூழ்கிய தம்பியை மீட்கத் தன் நிழலை விற்கிறாள். தம்பி திரும்பி வருகிறான், பொழுது சாய்ந்த பிறகு மட்டும். விளக்கை ஏற்றினால் அவளுக்கு நிழல் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அதை மீட்க அவன் மறுபடி ஏரிக்குள் இறங்கிவிடுவான். ஏற்றாவிட்டால் அவன் அவளோடு இருப்பான், ஆனால் ஒருநாளும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

கருவிகளைக் கொதிநீராவியில் வேகவைக்கும் பெட்டி ஒன்று அங்கே உண்டு. அக்கா அதைக் குக்கர் என்பார். மதிய இடைவேளையில் குக்கர் ஓடி முடிகிறவரை எழுதுவார். அது நின்றதும் பேனாவும் நிற்கும். அப்படியே ஆண்டுகள் போயின. மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. நான்காமவர் ஏற்றுக்கொண்டபோது, குழாய் வேலை செய்யும் அவருடைய கணவர், “அப்போ இனிமே நைட்டு சாப்பாட்டுக்கு நடுவுல யாரும் ஏரியில முங்க மாட்டாங்கல்ல?” என்றுதான் கேட்டாராம். ஆனால் அவருடைய வண்டியின் பின்பக்கம், குழாய் அடைப்பு நீக்கப்படும் என்ற எழுத்துக்குக் கீழே, நாவலின் அட்டைப்படம் ஒட்டப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆள் சேர்ப்பதில் அக்காவுக்கு வெட்கமே கிடையாது. பல் எடுத்துவிட்டு மரத்த வாயோடு வெளியே வருகிறவர்களை மேசையருகே நிறுத்திவைப்பார். “சூடா எதுவும் குடிக்காதீங்க. பஞ்சைத் துப்பாதீங்க. அந்தப் பக்கம் மெல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை வெளியீட்டுக்கு வந்துடுங்க.” நான்கும் ஒரே மூச்சில், ஒரே குரலில். மருந்துச் சீட்டோடு ஒரு புத்தகக் குறியும் வரும். மறுத்துப் பேச யாராலும் முடியாது. நாக்கு எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. “வாயத் திறக்க முடியாதவங்ககிட்டதான் கதை சொல்லணும் சார். குறுக்க பேச மாட்டாங்க.”

காத்திருப்பு அறையின் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. யாராவது உட்கார்ந்து ஆடினால் அக்கா கதையை நிறுத்தாமலே குனிந்து, ஒரு மருந்து நிறுவனத் துண்டுப் பிரசுரத்தை மடித்து அடியில் செருகுவார். மேசையில் அவருடைய நாவலின் துண்டுப் பிரசுரமும் ஒரு கட்டு இருந்தது. ஒருநாள் நான் கை நீட்டி அதில் ஒன்றை எடுக்கப்போனேன். “அதைத் தொடாதீங்க. என் எழுத்து யார் காலடியிலயும் போகாது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

பல்செட் அம்மாவை அங்கேதான் பார்த்தேன். எழுபது தாண்டியவர், எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வந்தவர். முதல் நாள் அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா?

“எங்கம்மாவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார் அவர், வாயைக் கைக்குட்டையால் மறைத்தபடி. “நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. முகங்கூடத் தெரியாது. ஒரு போட்டோ இல்ல.”

அக்கா படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பேனாவைக் கொண்டுபோனார். பிறகு, “சரிம்மா, தெரியாதுன்னு போட்டுக்கிறேன்” என்றார்.

அளவெடுக்க, மெழுகில் வைத்துப் பார்க்க, கடி சரிபார்க்க என்று அந்த அம்மா பலமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் கதை. கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். மற்றவர்கள் முடிவைக் கேட்டு நச்சரிப்பார்கள். அவர் கேட்டதில்லை.

முடிவு கிடைக்காதவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். “விளக்கை ஏத்தி அவன் கையில குடுத்துட்டு இவ ஓடிடணும்” என்றார் ஓர் ஆட்டோ ஓட்டுநர். மின்வாரியத்துக்காரர், “நாலு பக்கமும் விளக்கு வச்சா நிழலே விழாது, இதுக்கா இவ்வளவு அழுகை?” என்றார். அறுவை விளக்குக்குக் கீழே நாள் முழுதும் நிற்கும் மருத்துவர் கதவு வழியாகத் தலையை நீட்டி, “என் லைட்டுக்குக் கீழ யாருக்குமே நிழல் கிடையாது. அந்தப் பொண்ண இங்க அனுப்பிவிடுங்க” என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கதை படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

போன கதை வேறு உருவத்தில் திரும்பி வந்தது. வெளியீட்டுக்கு முந்தைய வாரம் பதிப்பாளர் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லாருமே கேட்டோம்.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு புத்தகக் கடைக்காரர் என்கிட்ட சொல்றார், இது எங்க பக்கத்துப் பழைய கதைதானே, வாசல்ல தம்பி, விளக்கு எல்லாம் எங்க அத்தை சொல்லிக் கேட்டிருக்கேன்னு. உள்ளதை எடுத்து எழுதிட்டுச் சொந்தக் கற்பனைன்னு போடறீங்களான்னு கேக்கறார்.”

“எந்தக் கடை?” என்றார் அக்கா. பதில் வந்ததும் கணினியில் நோயாளிப் பதிவைத் தட்டிப் பார்த்தார். “அவங்க அத்தைக்குப் போன மாசம் இங்கதான் ரெண்டு கடவாப்பல் எடுத்தோம். நான்தான் கதை சொன்னேன். வேணும்னா அந்தப் பல்லையே அனுப்பி வைக்கவா?”

காத்திருப்பு அறை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அச்சு முடிந்துவிட்டதால் இனி முன்னுரை சேர்க்க முடியாது, மேடையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள் என்றார் பதிப்பாளர். இல்லாவிட்டால் எடுத்து எழுதியவர் என்ற பெயர்தான் கடைசிவரை நிற்கும்.

அன்று மதியம் குக்கர் ஓடியபோது அவர் எழுதியது ஒரே பக்கம். எனக்கு வாசித்துக் காட்டினார். நிழல் வாங்குபவன் என் பெரியம்மா தந்தது; வாசலில் நிற்கும் தம்பியும் ஏற்றாத விளக்கும் வேறு யாரும் சொன்னதல்ல, நான் உண்டாக்கியவை. அவ்வளவுதான். அலங்காரமே இல்லை. நாவல் முழுவதும் அப்படி எழுதியிருக்கலாமே என்று தோன்றியது.

“கர்வமா தெரியுதா சார்?”

“உண்மையாகத் தெரிகிறது.”

“போதும். பெரியம்மா குடுத்தது ரெண்டு வரி. மிச்சம் நான். அதைச் சொல்லாம விட்டா என்னைவிடப் பைத்தியக்காரி யாரு?”

நாவலை அவர் முன்கூட்டியே எனக்குக் கொடுத்திருந்தார். பாராட்டுவதில் எனக்குக் கை தாராளம் கிடையாது. முதல் நூறு பக்கங்களில் ஏரி வர்ணிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நிழல் வாங்குபவன் பேசவேண்டியதைவிட அதிகம் பேசுகிறான். ஆனால் விளக்கு வரும் அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். அன்பு என்பது பார்க்கப்படுவதா, மறைத்துக்கொள்வதா என்று அது கேட்கிறது; கேட்பது தெரியாமல் கேட்கிறது. அதை எழுதியவர் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள விரும்பியதில் எனக்குத் தவறேதும் தெரியவில்லை.

வெளியீடு நூலகத்தின் மாடி அறையில். நாற்காலிகள் போதாமல் கீழிருந்து பழைய மர நாற்காலிகளைத் தூக்கி வந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் நோயாளிகள். “மூஞ்சியப் பாத்தா யாரையும் தெரியல, வாயைத் திறந்தா சொல்லிடுவேன்” என்று மருத்துவர் என் காதில் சொன்னார். கணவர் வேலைச் சட்டையை மாற்றி வந்திருந்தார். மகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முன்வரிசையில் இரண்டு பத்திரிகைக்காரர்கள். அந்தப் புத்தகக் கடைக்காரரும் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அக்கா அவரைப் பார்த்தார்; அவர் பார்வையைத் திருப்பும்வரை பார்த்தார்.

ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது. மாவுப் பல்லைக் கொண்டுவந்திருந்தார், ஆனால் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைத்தான் விரித்தார்.

“படிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவா சொல்லிடணும். இந்தக் கதையில எது பழசு, எது...”

“நான் ஒண்ணு சொல்லலாமாம்மா?”

பல்செட் அம்மா எழுந்து நின்றிருந்தார். கைக்குட்டை இல்லை. புதுப் பற்கள் அவர் முகத்துக்குச் சற்றுப் பெரிதாக இருந்தன. ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தன.

“இந்த விளக்குக் கதை எனக்கு முன்னாடியே தெரியும். எங்கம்மா சொல்லுவாங்க. மறந்தே போயிருந்துச்சு. இந்தப் பொண்ணு சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்துச்சு. அம்மா மடியில படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கேன். அவங்க குரல்கூட இப்ப நல்லா ஞாபகம் இருக்கு.”

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புத்தகக் கடைக்காரர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் குனிந்து எழுதத் தொடங்கினார். பதிப்பாளர் மேடை ஓரத்திலிருந்து அக்காவைப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படியுங்கள் என்று கண்ணால் கெஞ்சினார். ஒரே ஒரு வாக்கியம் போதும். முதல் நாள் உங்கள் அம்மாவைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் முடிந்தது. கேட்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவருடைய வாய் திறந்தது.

“உங்கம்மா எப்படிச் சொல்லுவாங்க?” என்றார்.

பிறகு மேடையிலிருந்து இறங்கினார். அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து, தனக்காகப் போட்டிருந்த மர நாற்காலியில் உட்காரவைத்தார். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா முன்னால் சாய்ந்ததும் நாற்காலி டக்கென்று ஆடியது.

ஏன் அப்படிச் செய்தார் என்று பதிப்பாளர் அன்றே கேட்டார், கணவர் கேட்டார், கடைசிச் சிகிச்சைக்குப் போனபோது நானும் கேட்டேன். எனக்கு டோக்கன்தான் கிடைத்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான். அக்கா குனிந்தார். கையிலிருந்த அந்த ஒரு பக்கத்தை இரண்டாக மடித்தார், நான்காக, எட்டாக மடித்தார். குட்டையாக இருந்த காலுக்கு அடியில் செருகினார். நாற்காலியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு அங்கேயே, தரையில், அந்த அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

“சொல்லுங்கம்மா. வாசல்ல தம்பி நிக்கிறான்.”